கடைசிப் பக்கத்துக் கதவு

சென்னை, ராயப்பேட்டை
12.6.2006

அன்புள்ள அக்காவுக்கு,

உன் தம்பி இனியன் இங்கே உயிரோடும் ஓரளவு உடம்போடும் இருக்கிறேன். மச்சானுக்கு முதுகுவலி குறைந்ததா? அபிதாவுக்கு முன்பல் விழுந்துவிட்டது என்று எழுதியிருந்தாயே, புதுப்பல் எட்டிப் பார்க்கிறதா?

இந்தக் கடிதத்தோடு ஒரு பார்சல் வரும். பிரித்துப் பார். அட்டையில் என் பேர் இருக்கும், சிரிக்காதே. இத்தனை வருஷமாக மற்றவர்கள் எழுதிய கதைகளுக்குப் படம் போட்டுக்கொண்டிருந்தேன். இந்தத் தடவை கதையும் படமும் நானே. 'தலையணை கேட்ட யானை' என்று பேர்.

மலைமேல் ஒரு யானைக்குத் தூக்கம் வரவில்லை. தலைக்கு வைக்க ஏதாவது கொடுங்கள் என்று தேயிலைத் தோட்டத்து லைன் வீடுகளில் ஒவ்வொரு கதவாகப் போய்ப் பிறாண்டுகிறது. முதல் வீட்டில் ஒரு மூட்டைத் தேயிலை கொடுக்கிறார்கள். அந்த வாசனையில் இருந்த கொஞ்சத் தூக்கமும் போய்விடுகிறது. அடுத்த வீட்டில் பலாப்பழம். படுப்பதற்கு முன்னாலேயே தலையணையைத் தின்றுவிடுகிறது. அதற்கடுத்த வீட்டில் கம்பளி. தும்பிக்கைக்குள் மயிர் ஏறி ஒரு தும்மல் போடுகிறது பார், மலையில் இருந்த மேகமெல்லாம் கீழே கம்பம் ஊரில் போய் விழுகிறது. கடைசி வீட்டில் ஒரு சின்னப் பிள்ளை கதவைத் திறந்து தன் தலையணையைக் கொடுக்கிறாள். யானை ஒரே ஒரு கண்ணிமையை அதன்மேல் வைத்துத் தூங்கிப்போகிறது. குறட்டையில் கூரைத் தகரம் பறக்கிறது. அவ்வளவுதான் கதை.

எங்கள் பதிப்பகத்தை நடத்துகிற ஹேமாவதி அம்மாவுக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. அடுத்த பதிப்புக்குப் பின்னட்டையில் போட ஒரு பெற்றோரின் கருத்து வேண்டுமாம். பெரிய மனிதர்கள் வேண்டாம், பிள்ளை வளர்க்கிறவர் யாராவது நாலு வரி எழுதட்டும் என்றார். நான் உன் பேரைச் சொல்லிவிட்டேன். பால்வாடி டீச்சர், ஒரு பிள்ளைக்குத் தாய், அதுவும் மேகமலையில். இதைவிட வேறு யார் கிடைப்பார்கள்?

நல்லதாக எழுது. நல்லதாக இல்லையென்றால் நல்லதாகப் பொய் எழுது. மச்சானுக்கு வணக்கம், மருமகளுக்கு முத்தம்.

அன்புத் தம்பி,
இனியன்

*

மேகமலை
3.7.2006

அன்புத் தம்பி இனியனுக்கு,

அக்கா எழுதுவது. எல்லோரும் நன்றாக இருக்கிறோம். முதுகுவலி உன் மச்சானை விட்டுவிட்டு என்னிடம் வந்திருக்கிறது. நீ நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா, இல்லை டீயும் பன்னும்தானா?

பார்சல் வந்து சேர்ந்தது. சின்னமனூரில் பஸ் ஏறும்போது காய்ந்த புத்தகமாகத்தான் ஏறியிருக்கும். இங்கே இறங்கும்போது சொட்டச் சொட்ட நனைந்து இறங்கியது. அடுப்புக்கு மேலே கொடியில் போட்டுக் காயவைத்தேன். இப்போது பக்கமெல்லாம் உப்பிப்போய், அதைத் தலைக்கு வைத்தே ஒருவர் படுக்கலாம்.

அபிதா பலாப்பழப் பக்கத்தில் சிரித்துச் சிரித்து விக்கல் எடுத்து, தண்ணீர் கொடுத்து நிறுத்த வேண்டியதாயிற்று. பால்வாடிக்கும் கொண்டுபோனேன். அங்கேதான் சங்கடம். நம் மலையில் அந்தப் பேரை யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை என்பதை மறந்துவிட்டாயா? சொன்னால் கூப்பிட்டதாக நினைத்து வந்துவிடும் என்று பயப்படுகிறவர்கள் இருக்கிறார்கள். சமைக்கிற சுகிர்தம் அட்டையைப் பார்த்ததும் கன்னத்தில் போட்டுக்கொண்டு, "டீச்சர், அந்தப் பேரு வார எடத்துல எல்லாம் பெரியவருன்னு வாசிங்க" என்றாள். ஆகவே இங்கே உன் புத்தகத்தின் பேர் 'தலையணை கேட்ட பெரியவர்'. யாரோ ஊர்ப் பெரிய மனிதர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வீடு வீடாகத் தலையணை கேட்கிறார் என்று நினைத்துப் பிள்ளைகள் இன்னும் அதிகமாகச் சிரித்தார்கள்.

படமெல்லாம் அழகு. நம் லைனின் தகரக் கூரை, வாசலில் கவிழ்த்து வைத்த ரப்பர் பூட்ஸ், எல்லாம் அப்படியே இருக்கின்றன. மேகத்தைத்தான் ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். இங்கே அது முன்வாசல் வழியாக வந்து, கட்டிலைச் சுற்றிக்கொண்டு, அடுப்படி ஜன்னல் வழியாகப் போய்விடும். போகும்போது அபிதா அதற்கு டாட்டா காட்டுவாள். நீ வரைந்த மேகத்துக்கும் டாட்டா காட்டினாள்.

ஒன்று கேட்க வேண்டும். அந்தப் பெரியவர் ஏன் கதவைப் பிறாண்டுகிறார்? தும்பிக்கையால் தட்டியிருக்கலாமே. சர், சர், சர் என்று ஒவ்வொரு வாசலிலும் எழுதியிருக்கிறாய். அது உனக்கு எங்கிருந்து வந்தது?

நாலு வரி அப்புறம் எழுதுகிறேன். பால் பொங்குகிறது.

அன்புடன்,
வேல்விழி

*

சென்னை
15.7.2006

அன்புள்ள அக்காவுக்கு,

சாப்பாடு ஒழுங்காகத்தான் போகிறது. பன்னை நிறுத்திவிட்டேன், டீ மட்டும்தான். உன் முதுகுக்கு ஒரு தைலம் அனுப்புகிறேன், ராத்திரி மச்சானைத் தேய்த்துவிடச் சொல். உன் கடிதத்தை ஆபீஸில் சத்தமாக வாசித்தேன். ஹேமாவதி அம்மா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு சிரித்தார்.

பிறாண்டல் எங்கிருந்து வந்தது என்று என்னைக் கேட்கிறாயா? உனக்கா தெரியாது? அது நான்தான்.

நம் லைனில் மேகம் இறங்கியிருக்கும்போது யார் வீட்டு வாசலுக்குப் போனாலும் வெளியே நின்று தன் பேரைச் சொல்ல வேண்டும். பேர் கேட்டால்தான் உள்ளே தாழ்ப்பாளை எடுப்பார்கள். பேர் சொல்லாமல் கதவில் உரசுகிறவர் பெரியவர் ஒருவர்தான். எனக்கு மட்டும் அது வெட்கம். என் வீட்டு வாசலில் நான் எதற்கு என் பேரைச் சொல்ல வேண்டும்? நகத்தால் பிறாண்டுவேன். சர், சர், சர். அப்பா உள்ளேயிருந்து, "ஏலே, வாயில என்ன கொழுக்கட்டையா? பேரச் சொல்லுடா" என்று கத்துவார். நான் சொல்ல மாட்டேன். திட்டிக்கொண்டே வந்து திறப்பார்.

கதையே அவருடையதுதான். அம்மா இறந்துபோன வருஷம் எனக்குத் தூக்கம் வராமல் இருந்ததே, அப்போது சொன்னது. "பெரியவரு தலகாணி கேட்டு வீடு வீடா அலையிறாரு. நீ முழிச்சுக் கெடந்தா ஒன்னுதப் புடுங்கிட்டுப் போயிருவாரு" என்பார். நான் தலையணையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, பிடித்தபடியே தூங்கிவிடுவேன். தேயிலையும் பலாப்பழமும் நான் சேர்த்தவை. அவருக்கு மட்டும் இந்தப் புத்தகத்தைக் காட்ட முடியவில்லை. அந்த நெஞ்சுவலி ஒரு மூன்று வருஷம் பொறுத்து வந்திருக்கக் கூடாதா என்று இருக்கிறது.

அடுத்த பதிப்பு அச்சுக்குப் போகப் போகிறது. நாலு வரியை மறந்துவிடாதே.

அன்புத் தம்பி,
இனியன்

*

மேகமலை
28.8.2006

அன்புத் தம்பிக்கு,

தைலம் வந்தது, முதுகு பரவாயில்லை. எல்லோரும் சுகம். இங்கே விடாத மழை. ரோடு சரிந்து கொஞ்ச நாள் பஸ்ஸே வரவில்லை. பஸ் வந்த நாட்களிலும் நான் எழுதவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

போன வியாழக்கிழமை காலையில் உன் மச்சான் ஃபேக்டரிக்குப் போய்விட்டார். நான் பின்பக்கம் விறகு எடுக்கப் போனேன். திரும்பி வந்தால் வீடு முழுக்க மேகம். முன்கதவு விரியத் திறந்து கிடக்கிறது. கட்டில் தெரியவில்லை, கட்டிலில் கிடந்த பிள்ளையும் தெரியவில்லை. கூப்பிட்டுக்கொண்டே கையால் தடவித் தடவிப் போனேன். வாசற்படியில் நிற்கிறாள். இரண்டு கையாலும் அவள் தலையணையைப் பிடித்து வெளியே நீட்டிக்கொண்டு நிற்கிறாள்.

"சத்தம் கேட்டுச்சும்மா. சர்ருன்னு. பெரியவரு வந்துருக்காரு" என்றாள். முகத்தில் துளி பயம் இல்லை. விருந்தாளிக்குப் பாய் விரிக்கிற முகம்.

அன்றைக்கு அது பக்கத்து வீட்டு ஜக்கம்மாவின் விளக்குமாறு. வாசல் கூட்டிக்கொண்டிருந்தாள். ஆனால் அதற்கு முந்தின நாள் நாலாம் லைன் வேலியை மிதித்துவிட்டுப் போனது விளக்குமாறு இல்லை.

நீ தாயின் கருத்தைக் கேட்டாய், சொல்கிறேன். உன் புத்தகம் நல்ல புத்தகம். அதுதான் எனக்குக் கஷ்டம். மோசமான புத்தகமாக இருந்தால் அவள் இரண்டு நாளில் மறந்திருப்பாள். இப்போது அவளுக்குப் பெரியவர்மேல் பாசம் வந்துவிட்டது. சென்னைப் பிள்ளைக்கு அது அட்டையில் இருக்கிற படம். என் பிள்ளைக்கு அது வாசலுக்கு வருகிற ஆள். படம் எது, ஆள் எது என்று மேகத்துக்குள் நின்று பிரித்துப் பார்க்க ஆறு வயதில் யாருக்கு முடியும்?

கடைசிப் பக்கத்தை மாற்று. அந்தப் பிள்ளை கதவைத் திறக்க வேண்டாம். புத்தகத்தை அரிசி டின்னுக்குப் பின்னால் ஒளித்து வைத்திருக்கிறேன். அவளுக்கு மனப்பாடம் ஆகிவிட்டது, ஒளித்து என்ன பிரயோசனம்? நாலு வரி என்னால் எழுத முடியாது. வேறு யாரிடமாவது கேள். உடம்பைப் பார்த்துக்கொள்.

வேல்விழி

*

சென்னை
9.9.2006

அக்காவுக்கு,

நலம்தான். அபிதா பத்திரமாக இருக்கிறாளா? உன் கடிதத்தைப் படித்த அன்றைக்குச் சோறு இறங்கவில்லை. கதவுக்கு மேலே அவள் கைக்கு எட்டாத உயரத்தில் இன்னொரு தாழ்ப்பாள் போடச் சொல் மச்சானிடம்.

ஆனால் ஒரு புத்தகத்தில் ஒரு பிள்ளை கதவைத் திறப்பது தப்பு என்று எப்படிச் சொல்கிறாய்? கதையே அந்தக் கதவுக்காகத்தான். எல்லோரும் எதையாவது வெளியே தள்ளிவிட்டுக் கதவைச் சாத்துகிறார்கள். ஒருத்திதான் திறந்து நின்று முகத்தைப் பார்க்கிறாள். அதை எடுத்துவிட்டால் மிச்சம் என்ன இருக்கிறது? குறட்டை மட்டும்தான். ஹேமாவதி அம்மாவும் அதையேதான் சொன்னார்.

எனக்கு என்னவோ இது புத்தகத்தைப் பற்றிய பேச்சாகத் தோன்றவில்லை. நீயும் அப்பா மாதிரியே ஆகிவிட்டாய். நான் எதை வரைந்தாலும் அவருக்கு அதில் ஒரு ஆபத்து தெரியும். எஸ்டேட் ஆபீஸில் வேலை வாங்கி வைத்திருந்தார், நான் படம் போடப் போகிறேன் என்றேன். இரண்டாயிரமாம் வருஷம் நான் பெட்டியை எடுத்துக்கொண்டு கிளம்பிய காலையில் அவர் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். உனக்கு ஞாபகம் இருக்கும், நீதான் பஸ் வரைக்கும் வந்தாய். பஸ் வரும்வரை அந்தக் கதவையே பார்த்துக்கொண்டு நின்றேன். திறக்கவில்லை. அதற்கப்புறமும் அப்பா எனக்காக ஒருநாளும் கதவைத் திறக்கவில்லை. அதனால்தான் என் கதையிலாவது ஒருத்தி திறக்கட்டும் என்று எழுதினேன்.

நாலு வரி வேண்டாம். நீ கஷ்டப்பட வேண்டாம்.

இனியன்

*

மேகமலை
8.10.2006

மைத்துனர் இனியன் அவர்களுக்கு,

பொன்னுராஜ் எழுதுவது. நாங்கள் நலம், உங்கள் நலம் எழுதவும். எனக்குக் கடிதம் எழுதிப் பழக்கமில்லை. ஃபேக்டரியில் மிஷின் ரிப்பேர் என்று எழுதிக் கொடுப்பதோடு சரி. தப்பு இருந்தால் பொறுத்துக்கொள்ளவும்.

உங்கள் கடிதம் வந்ததிலிருந்து உங்கள் அக்கா சரியாகப் பேசுவதில்லை. என்ன எழுதியிருந்தான் என்று கேட்டேன். "ஒண்ணுமில்ல, எல்லாம் பழைய கதை" என்றாள். அரிசி டின்னுக்குப் பின்னால் வைத்த புத்தகத்தைப் பிள்ளைக்குத் தெரியாமல் எடுத்து இவள் பார்க்கிறாள். கடைசிப் பக்கத்தை மட்டும் பார்க்கிறாள். நேற்று குழம்பு அடிப்பிடித்தது. பதினைந்து வருஷத்தில் அவள் குழம்பு அடிப்பிடித்து நான் சாப்பிட்டதில்லை.

நீங்கள் இருவரும் சண்டை போடுங்கள், அதில் நான் தலையிட மாட்டேன். ஆனால் நேரில் வந்து போடுங்கள். கடிதத்தில் போட்டால் அடுத்த அடி விழ ஒரு மாதம் ஆகிறது. அதுவரை நான்தான் அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியிருக்கிறது.

அபிதா நன்றாக இருக்கிறாள். புதுப்பல் முளைத்துவிட்டது. மேல் தாழ்ப்பாள் போட்டுவிட்டேன்.

இப்படிக்கு,
பொன்னுராஜ்

*

மேகமலை
23.10.2006

அன்புத் தம்பி இனியனுக்கு,

எல்லோரும் சுகம். தீபாவளிக்கு உனக்கும் சேர்த்து முறுக்குச் சுட்டேன், பார்சலில் வருகிறது. நொறுங்காமல் வந்தால் முறுக்கு, நொறுங்கி வந்தால் பொரி என்று நினைத்துக்கொள்.

உன் மச்சான் எழுதினாராமே. இனி நானே எழுதுகிறேன். இதை எழுதக்கூடாது என்றுதான் இந்த மூன்று வருஷமும் இருந்தேன். அப்பா உனக்காக ஒருநாளும் கதவைத் திறக்கவில்லை என்று நீ எழுதிவிட்டாய். அதற்கப்புறம் நான் சும்மா இருந்தால் அப்பாவுக்குச் செய்கிற துரோகம்.

அப்பாவை அடக்கம் செய்யக் கீழே கடமலைக்குண்டுக்குக் கொண்டுபோனபோது நீ வந்து நின்று, எப்படிப் போனார் என்று கேட்டாய். நெஞ்சுவலி என்றேன். அது பொய்யில்லை. டாக்டரும் அதைத்தான் சொன்னார். நான் சொல்லாமல் விட்டது வேறு.

அது காலை நேரம். மேகம் தரையோடு தரையாகக் கிடந்தது. உன் மச்சான் வேலைக்குப் போயிருந்தார், அபிதா தூக்கம். அப்பா அடுப்படியில் உட்கார்ந்து பால் ஊற்றாத கட்டன்சாயா குடித்துக்கொண்டிருந்தார். கதவில் சத்தம் கேட்டது. சர், சர், சர். நான் உள்ளேயிருந்தே, "யாரது, பேரச் சொல்லுங்க" என்றேன். பதில் இல்லை. மறுபடியும் சர், சர்.

எனக்கு உடனே விளங்கிவிட்டது, அசையாதீர்கள் என்று கையைக் காட்டினேன். அப்பா தம்ளரைக் கீழே வைத்தார். அவர் முகத்தை நீ பார்த்திருக்க வேண்டும் இனியா. அம்மா போன பிறகு அப்படி ஒரு முகத்தை நான் பார்த்ததே இல்லை. "வந்துட்டான் ஆத்தா. வாயில கொழுக்கட்ட. அவனேதான்" என்றார். நான் பிடிப்பதற்குள் எழுந்து போய்த் தாழ்ப்பாளை எடுத்துவிட்டார். முப்பது வருஷம் இந்த மலையில் இருந்த மனுஷன். பேர் சொல்லாத யாருக்கும் கதவு திறக்காத மனுஷன்.

முதலில் மேகம்தான் உள்ளே வந்தது. அப்புறம் பார்த்தால் வாசல் முழுக்கச் சாம்பல் நிறம். பெரியவர் கதவு நிலையில் கழுத்தைத் தேய்த்துக்கொண்டு நின்றார். அப்பாவும் அவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு நின்றார்கள். அப்பா கத்தவில்லை. "அட, நீங்களா சாமி" என்றார். வேறு ஆளை எதிர்பார்த்துக் கதவைத் திறந்தவர் வந்த ஆளிடம் மரியாதைக்குச் சொல்வோமே, அப்படித்தான் சொன்னார். அப்புறம் நெஞ்சில் கையை வைத்துக்கொண்டு வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டார். பெரியவர் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு, ஒரு தேயிலைச் செடியைக்கூட ஒடிக்காமல் திரும்பிப் போனார்.

அப்பா பயத்தில் போனாரா, நீ இல்லை என்றதும் போனாரா, எனக்குத் தெரியாது. அவர் நெஞ்சு ஏற்கெனவே பழுது என்று டாக்டர் சொன்னார். இதை உன் தலையில் ஏற்றிக்கொள்ளாதே. நீ ஏற்றிக்கொள்வாய் என்று தெரிந்துதான் உன் மச்சானிடம்கூடச் சொல்லாமல் வைத்திருந்தேன். உன் புத்தகம் வந்ததும், ஒவ்வொரு பக்கத்திலும் சர், சர் என்று இருந்ததும், எனக்கு எப்படி இருந்திருக்கும் என்று யோசித்துப் பார். பிள்ளை தலையணையோடு நின்ற அதே படிதான் அது.

கதவைத் திறக்கவில்லை என்று மட்டும் இனி எழுதாதே.

உன் அக்கா,
வேல்விழி

*

மேகமலை
10.12.2006

அன்புத் தம்பிக்கு,

எல்லோரும் சுகம். நீ எப்படி இருக்கிறாய்? முறுக்கு வந்ததா என்றுகூட ஒரு வரி இல்லை. பஸ் வருகிற நேரத்துக்குத் தினமும் ஏதாவது ஒரு சாக்கு வைத்துக்கொண்டு கடைப்பக்கம் போய் நிற்கிறேன். எழுதியிருக்கக் கூடாதோ என்று இருக்கிறது. இருந்தாலும் எழுதியதை நான் திரும்ப வாங்கிக்கொள்ளப் போவதில்லை.

நீ எழுதாவிட்டால் போ, நான் உனக்கு ஒரு வேடிக்கை எழுதுகிறேன். உன் மருமகள் உன் கதையை மாற்றிவிட்டாள்.

பேர் கேட்காமல் திறக்கக்கூடாது என்று அவளுக்குப் பழக்க வேண்டும் என்று ஒரு விளையாட்டு வைத்தோம். உன் மச்சான்தான் பெரியவர். தோளில் கிடந்த துண்டைத் தும்பிக்கையாகத் தொங்கவிட்டுக்கொண்டு வெளியே தவழ்ந்து போய்க் கதவைப் பிறாண்டினார். அபிதா உள்ளே நின்று, "யாரது? பேரச் சொல்லு" என்று அதட்டினாள். இவருக்கு என்ன சொல்வது என்று தெரியவில்லை. அந்தப் பேரைச் சொல்லக்கூடாது, வேறு பேரும் கிடையாது. துண்டை ஆட்டிக்கொண்டு நின்றார். இவள் கொஞ்ச நேரம் காத்திருந்துவிட்டு என்னிடம் சொல்கிறாள்: "அவருக்குப் பேரு தெரியலம்மா. யோசிக்கிறாரு. யோசிச்சு யோசிச்சு தூக்கம் வந்துருச்சு. அங்கனயே படுத்துட்டாரு."

அப்புறம் கதவுப் பக்கம் திரும்பி, "அப்பா, படுங்க" என்றாள். உன் மச்சான் ஈர வாசலில் படுத்தார். குறட்டையும் விட்டார். அந்த நேரம் பார்த்துத் தண்ணீர்க் குடத்தோடு போன ஜக்கம்மா, "என்ன டீச்சர், அண்ணன வெளிய தள்ளிட்டீகளா?" என்று கேட்டுவிட்டுப் போனாள்.

தலையணை கொடுக்க வேண்டாமா என்று பிள்ளையிடம் கேட்டேன். "அதான் தூங்கிட்டாருல்ல" என்றாள். அவள் வரைந்த படத்தை உள்ளே வைத்திருக்கிறேன். கதவைவிடத் தாழ்ப்பாள் பெரிதாக இருக்கும், நீ ஒன்றும் திருத்தாதே.

ஒரு வரியாவது எழுது.

வேல்விழி

*

சென்னை
30.12.2006

அன்புள்ள அக்காவுக்கு,

உடம்பு நன்றாக இருக்கிறது. முறுக்கு பொரியாகத்தான் வந்தது. ஒரு துணுக்கு விடாமல் தின்றேன்.

உன் அக்டோபர் கடிதத்துக்கு எப்படிப் பதில் எழுதுவது என்று தெரியவில்லை. எழுத உட்காருவேன், 'அன்புள்ள அக்காவுக்கு' என்று எழுதுவேன், அதற்குமேல் ஓடாது. அந்தக் காலையில் நான் எங்கே இருந்தேன் என்று யோசித்துப் பார்த்தேன். அறையில் தூங்கிக்கொண்டிருந்திருப்பேன். நல்ல தலையணை வைத்து, போர்வையை இழுத்து மூடிக்கொண்டு. அப்போதுதான் அழுகை வந்தது.

நவம்பர் முழுக்க ஒரு படம்கூட வரையவில்லை. வேறு ஒன்றும் செய்யாமல் மேகம் மட்டும் வரைந்துகொண்டிருந்தேன். தாள் தாளாக மேகம். ஒன்றில் ஒரு கதவு, ஒன்றில் கவிழ்த்து வைத்த பூட்ஸ், ஒன்றில் ஒரு தம்ளர். அப்பாவை வரைய முயன்றேன். நீ எழுதிய அந்த முகம் எனக்கு வரவில்லை. நான் பார்க்காத முகம் அது. எனக்காக வந்த முகம், எனக்கு மட்டும் தெரியாது.

இத்தனை வருஷமும் அப்பாமேல் கோபமாக இருந்ததால்தான் மலை ஏறாமல் இருந்தேன். அவர் எனக்காகக் காத்திருக்கவில்லை என்று நினைத்தேன். இப்போது அந்தக் கோபத்தை நீ பிடுங்கிவிட்டாய். அது இல்லாமல் கொஞ்சநாள் நிற்கவே தடுமாறினேன்.

அபிதாவின் படத்தை ஹேமாவதி அம்மாவிடம் காட்டினேன். ரொம்ப நேரம் பார்த்தார். "உன்னுடையதைவிட இது நன்றாக இருக்கிறது, கோபித்துக்கொள்ளாதே" என்றார். கோபம் எதற்கு? கடைசிப் பக்கம் மாறுகிறது. பிள்ளை உள்ளே நின்று பேர் கேட்கிறாள். யானை தன் பேர் என்னவென்று யோசிக்கிறது. வாலைப் பார்க்கிறது, காதைப் பார்க்கிறது, எதிலும் எழுதியிருக்கவில்லை. யோசித்து யோசித்து வாசலிலேயே தூங்கிவிடுகிறது. தாழ்ப்பாள் கதவைவிடப் பெரிது, நான் திருத்தவில்லை.

பொங்கலுக்கு வருகிறேன். சின்னமனூரில் காலை பஸ் பிடித்துவிடுவேன். யாரும் பஸ்ஸுக்கு வர வேண்டாம், எனக்கு வழி தெரியும். மேகம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் வாசலில் நின்று பேர் சொல்கிறேன்.

அன்புத் தம்பி,
இனியன்

*

மேகமலை
2.2.2007

அன்புத் தம்பி இனியனுக்கு,

சுகமாகப் போய்ச் சேர்ந்தாயா? இங்கே எல்லோரும் சுகம். நீ போன மறுநாளிலிருந்து அபிதா கடைப்பக்கம் போய்விட்டு வந்தால்கூட வெளியே நின்று தன் முழுப் பேரையும் சொல்லித்தான் உள்ளே வருகிறாள். அப்பன் பேர், ஊர்ப் பேர் எல்லாம் சேர்த்து. நீ கெடுத்து வைத்துவிட்டாய்.

நீ வந்த அன்றைக்கு உள்ளே நடந்தது உனக்குத் தெரியாது, அதைச் சொல்கிறேன். பஸ் சத்தம் கேட்டதுமே நான் கதவுக்குப் பின்னால் வந்து நின்றுவிட்டேன். மேகத்துக்குள் உன் செருப்புச் சத்தம் வந்தது. வாசலில் நின்றது. அப்புறம் சத்தமே இல்லை. தாழ்ப்பாளில் கையை வைத்துக்கொண்டு நிற்கிறேன், எடுக்க முடியவில்லை. இவன் பிறாண்டப் போகிறான் என்று நினைத்தேன். பிறாண்டினால் நான் திறப்பேனா, மாட்டேனா என்று எனக்கே தெரியவில்லை. உன் மச்சானுக்கு இப்போது எல்லாம் தெரியும், அவரும் வந்து என் பக்கத்தில் நின்றார். அபிதாதான் கேட்டாள்: "யாரது? பேரச் சொல்லு."

"இனியன். முத்துக்கருப்பன் மகன் இனியன் வந்துருக்கேன்."

அப்பா பேரை நீ சேர்ப்பாய் என்று நான் நினைக்கவில்லை. அந்தச் சத்தத்தில் ஜக்கம்மா வீட்டுக் கதவும் திறந்தது. நாலாம் லைனில் கேட்டதாகச் சுகிர்தம் சொல்கிறாள். நீ உள்ளே வந்ததும் அபிதா உன்னைக் கேட்டது ஞாபகம் இருக்கிறதா? "மாமா, இம்புட்டுச் சத்தமாவா பேரு சொல்லுவாக?" நீ போய் அப்பா உட்கார்ந்த படியில் உட்கார்ந்துவிட்டாய். நான் கட்டன்சாயா போடப் போய்விட்டேன். அடுப்படியில் நின்று நன்றாக அழுதேன். அப்பா இருந்திருந்தால், கொழுக்கட்டையை ஒருவழியாக முழுங்கிவிட்டான் என்று சொல்லியிருப்பார்.

புத்தகத்தை அரிசி டின்னுக்குப் பின்னாலிருந்து எடுத்துவிட்டேன். இப்போது கட்டிலில் கிடக்கிறது. நீ கேட்ட நாலு வரியைக் கீழே எழுதியிருக்கிறேன். வெட்டாமல் போடச் சொல்.

'இந்தப் புத்தகத்தைப் பார்த்து என் பெண் சிரித்து விக்கல் எடுத்தாள்.
படத்தில் இருப்பது எங்கள் மேகம், எங்கள் வீடு, கதை என் அப்பாவுடையது.
கதவைத் தாழ்ப்பாள் போட்டுவிட்டு, பிள்ளையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு வாசியுங்கள்.
வெளியே யாராவது தன் பேரைச் சொன்னால் மட்டும், புத்தகத்தை அப்படியே வைத்துவிட்டு ஓடிப்போய்த் திறங்கள்.

வேல்விழி, ஒரு தாய், மேகமலை.'